பேரிளம்பெண்ணுக்கு அப்புறம்

தமிழ் இலக்கணப்படி எனக்கு இப்போது பெயர் கிடையாது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவத்தை ஏழாகப் பிரித்து, 40 வயதோடு கணக்கை முடித்துவிடுகின்றன. எம்.ஏ. படித்தபோது இந்தப் பட்டியலைத் தேர்வுக்காக உருப்போட்டிருக்கிறேன். 5 முதல் 7 பேதை, 8 முதல் 11 பெதும்பை என்று போய், 32 முதல் 40 பேரிளம்பெண் என்று முடியும். 41இல் அவள் யார் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. 22 வயதில் அதெல்லாம் தோன்றாது. இப்போது எனக்கு 48. தோன்றுகிறது.

பெயரில்லாத அந்தப் பருவம் தன் வருகையைக் குளியலறையில் அறிவித்தது. தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்துக்கொண்டு தினமும் ஒரு பந்து முடி. வகிடு மாதாமாதம் அகலமானது. தலையில் போனதற்கு நஷ்டஈடு போல மோவாயில் இரண்டு கம்பி முடிகள். 2025 ஜனவரிக் குளிரில் முன்கையும் முழங்காலும் எறும்பு ஊர்வது மாதிரி அரிக்க ஆரம்பித்தன. தில்லியில் வசிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எதற்கும் தில்லியைக் குற்றம் சொல்லலாம். யமுனைக்கு அக்கரையில் எங்கள் காலனிக்கு வரும் கடினத் தண்ணீர், குளிர், புகை மூன்றையும் மாறி மாறித் திட்டிக்கொண்டே நான்கு ஷாம்பூ மாற்றினேன்.

ஒருவழியாக அக்டோபரில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். தைராய்டு, இரும்புச்சத்து இரண்டையும் சோதிக்கச் சொன்னார். இரண்டிலும் பழுதில்லை. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆகிவிட்டதா, ராத்திரி எத்தனை முறை வியர்த்து விழித்துக்கொள்கிறீர்கள், குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் உண்டா, காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு இந்தியில் சொன்னார்: "முடிக்காக மட்டும் என்றால் இதை எழுதித் தர மாட்டேன். தூக்கமில்லாமல் வியர்த்துக்கொண்டு கிடக்கிறீர்களே, அதற்காக எழுதுகிறேன்." கையில் தடவிக்கொள்ள ஈஸ்ட்ரடயால் ஜெல். எனக்குக் கர்ப்பப்பை இருப்பதால், ராத்திரியில் விழுங்க புரோஜெஸ்டிரோன் மாத்திரை. கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் அதன் உட்சுவரில் புற்றுநோய் அபாயம் கூடுகிறது என்பது 1975லேயே தெரிந்துவிட்டது. "யோசித்து முடிவெடுங்கள்" என்றார் டாக்டர்.

அந்தச் சீட்டு இரண்டு மாதம் என் கைப்பையிலேயே இருந்தது. காரணம், 2002இல் நான் எழுதிய ஒரு வாக்கியம்.

அதற்கு முன் அந்தச் சாமான் என்ன என்று சொல்லிவிடுகிறேன். 'பெண் ஹார்மோன்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவது எங்கள் தொழில் வழக்கம். அது அரைகுறை. ஆண் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு; டெஸ்டோஸ்டிரோனிலிருந்தே அது தயாராகிறது. சூலகம் ஓய்ந்த பிறகு பெண்ணுடம்பின் கொழுப்பு அதில் ஒரு பலவீனமான வகையைத் தொடர்ந்து செய்கிறது. ஹார்மோன் என்ற சொல்லை 1905இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ஸ்டார்லிங். கிரேக்கத்தில் அதற்கு 'இயங்கச் செய்வது' என்று பொருள். 'இயக்குநீர்' என்று தமிழ்ப்படுத்தியவர் மூலத்தைப் படித்தவர், அவருக்கு என் வணக்கம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரின் வேரில் இருப்பதோ மாட்டைக் கடித்து வெறிகொண்டு ஓடவைக்கும் ஒரு ஈ! பெண் விலங்கு பருவத்துக்கு வருவதை அந்த ஈயின் பெயரால் அழைத்தார்கள்; அங்கிருந்து பெண்ணுக்கும் வந்தது. பெயர் வைத்தவர்கள் ஆண்கள் என்று சொல்லத் தேவையில்லை. எட்வர்ட் டாய்ஸி என்பவர், 1930களின் நடுவில், ஏறக்குறைய 4 டன் பன்றிச் சூலகங்களைக் கரைத்து வடித்துச் சில மில்லிகிராம் ஈஸ்ட்ரடயாலைப் பிரித்தெடுத்தார். அவ்வளவு சொற்பத்தில் அவ்வளவு வேலை செய்கிற பொருள் அது.

முடி விஷயத்தில் அதன் வேலையை நான் முதலில் பார்த்தது மகள் பிறந்தபோது. தலைமுடி ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளர்ந்து, மூன்று மாத அளவில் ஓய்ந்து, பிறகு விழுகிறது. கர்ப்ப காலத்தில் ஏறிப்போகும் ஈஸ்ட்ரோஜன், முடியை வளரும் கட்டத்திலேயே நிறுத்திவைக்கிறது. விழ வேண்டியது விழாமல் சடை கனக்கிறது. பிரசவத்தோடு ஹார்மோன் சரிகிறது. நிறுத்திவைத்த முடியெல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போகிறது. இரண்டு, மூன்று மாதம் கழித்து ஒன்றாகக் கொட்டுகிறது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பதும் கிட்டத்தட்ட அந்த மாதங்களில்தான். காரணத்தில் கோளாறு இருந்தாலும் கணக்கில் கோளாறு இல்லை. ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும், எனக்கும் வளர்ந்தது.

அப்படியானால் ஈஸ்ட்ரோஜனைத் தலையில் தேய்த்தால் முடி வளருமா? இப்படி நினைத்து ஏமாறுகிறவர்களுக்காகவே 1996இல் ஒரு எலி ஆராய்ச்சி வெளியானது. எலியின் தோலில் ஈஸ்ட்ரடயாலைத் தடவினால் முடி முளைக்காமல் நின்றுபோனது. ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்தைத் தடவினால் முளைத்தது. எலி வேறு, பெண் வேறு. மயிர்க்கால் இடத்துக்கு இடம் வேறு. வயதான பெண்ணின் உச்சந்தலையில் முடி மெலிவதற்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதோடு, மிச்சமிருக்கும் ஆண் ஹார்மோனின் கை ஓங்குவதும், பரம்பரையும் காரணம். மோவாயில் முளைத்த கம்பிகளுக்கும் அந்த ஓங்கிய கைதான் காரணம். டாக்டர் முடிக்காக எழுதித் தர மறுத்ததன் நியாயம் இதுதான்.

தோலில் கதை கொஞ்சம் தெளிவு. தோலுக்குத் திடம் கொடுக்கும் கொலாஜன், ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருட்கள், எண்ணெய்ப் பசை எல்லாவற்றிலும் ஈஸ்ட்ரோஜனுக்குக் கை உண்டு. மாதவிடாய் நின்ற முதல் 5 வருடத்தில் தோலின் கொலாஜனில் சுமார் 30 சதவீதம் போய்விடுகிறது என்பது திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படும் அளவு. அதன் பிறகு வருடத்துக்கு 2 சதவீதம். ஹார்மோன் எடுத்தவர்களின் தோல் தடித்து, ஈரம் கூடியதாகப் பல ஆய்வுகள் உண்டு. ஆனால் 2008இல் வெளியான ஒரு ஆய்வில், குறைந்த அளவு ஹார்மோனை 48 வாரம் சாப்பிட்ட பெண்களின் முகச் சுருக்கத்துக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களின் சுருக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தோல் தடிக்கலாம். முகம் 20 வயதுக்குத் திரும்பாது.

இதே ஈஸ்ட்ரோஜன்தான் கன்னத்தில் மங்கு வரவும் துணைபோகிறது. கர்ப்பத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும், வெயிலோடு கூட்டுச் சேர்ந்து நிறமிச் செல்களைத் தூண்டிவிடுகிறது. சங்கப் புலவர்கள் இளம்பெண்ணின் மேனியில் படரும் சுணங்கை வேங்கைப் பூவோடு ஒப்பிட்டு உருகினார்கள். என் கன்னத்து மங்கைப் பார்த்து யாரும் உருகவில்லை. மருந்துக் கடைக்காரர் சீட்டு இல்லாமலே ஒரு களிம்பு கொடுத்தார். மூன்று வாரத்தில் முகம் பளிச்சென்றது. மூன்று மாதத்தில் சிவந்து எரிந்தது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. (இத்தகைய களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. கடைக்காரருக்கு அது எட்டியிருந்தால் நல்லது.)

மறுபடி கைப்பைக்கு வருகிறேன்.

2002 ஜூலையில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையின் தமிழ்ப் பதிப்பில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எனக்கு 25 வயது. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த ஹார்மோன் ஆராய்ச்சியை, ஆபத்து அதிகம் என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. உலகம் முழுக்கப் பரபரப்பு. 1966இல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க டாக்டர், ஹார்மோன் சாப்பிட்டால் பெண் என்றும் இளமையாக இருக்கலாம், தோலும் முடியும் தளராது என்று புத்தகம் எழுதி அது ஓகோவென்று விற்றது. மருந்துக் கம்பெனியிடம் அவர் பணம் வாங்கியது பின்னால் தெரிந்தது. கர்ப்பமான குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனை லட்சக்கணக்கானவர்கள் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மோகத்துக்கு இது சரியான அடி. பக்கம் அச்சுக்குப் போக ஒரு மணி நேரம் இருந்தபோது என் மேஜைக்குக் கட்டுரை வந்தது.

ஆங்கிலத்தில் இருந்தது, மார்பகப் புற்றுநோய் அபாயம் 26 சதவீதம் அதிகரிக்கிறது என்று. நான் எழுதியது: 'ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் பெண்களில் 26 சதவீதத்தினருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது.'

இரண்டும் ஒன்றல்ல. ஆராய்ச்சியில் மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஒரு வருடத்தில் 30 பேருக்கு நோய் வந்தது. சாப்பிட்ட 10,000 பேரில் 38 பேருக்கு. 30, 38 ஆவதுதான் அந்த 26 சதவீதம். கூடுதலாக வந்தது 8 பேருக்கு. நான் அதை நாலில் ஒரு பெண் என்று ஆக்கியிருந்தேன். தமிழில் எம்.ஏ. முதல் வகுப்பு, கணக்கு பத்தாவதோடு சரி. பார்த்த உதவி ஆசிரியருக்கும் சந்தேகம் வரவில்லை. வாக்கியம் பலமாக இருக்கிறது என்று கட்டம் கட்டிப் போட்டார்.

நாக்பூரில் என் சித்தி அந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டியிருந்தார், நான் அங்கே வேலை பார்க்கிறேன் என்பதற்காக. சித்தப்பா ரயில்வேயில் இருந்தார். 1999இல், 38 வயதில், கட்டி என்று சொல்லி சித்திக்குக் கர்ப்பப்பையோடு இரண்டு சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை மூன்று வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரம் ராத்திரி எஸ்.டி.டி.யில் பேசினார். "நீ எழுதியிருந்ததைப் படிச்சேன். மாத்திரையைக் குப்பையில போட்டுட்டேன். நீ மட்டும் இல்லேன்னா என் கதி என்ன?" எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் எழுதியதால் ஒரு உயிர் பிழைத்தது என்று பல வருடம் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சித்திக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் சடை. கல்யாண வீடுகளில் சவுரி வைத்துப் பின்னும் பெண்கள் அதைத் தொட்டுப் பார்ப்பார்கள். 2004இல் என் கல்யாணத்துக்கு வந்தபோது அது பாதியாகியிருந்தது. முகம் திடீர் திடீரென்று சிவந்து வியர்த்தது. முகூர்த்த நேரத்தில் எழுந்து போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். அடுத்த சில வருடங்களில் புறங்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆனது. "வயசாயிடுச்சு" என்பார். வயது 45 கூட ஆகவில்லை. 2014இல் வாசற்படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. எலும்பின் அடர்த்தி குறைந்துவிட்டது என்றார்கள்.

2017இல் மாதவிடாய் நிற்பது பற்றிய ஒரு நீண்ட கட்டுரை மொழிபெயர்ப்புக்கு வந்தது. அதில் அந்த 30, 38 கணக்கு இருந்தது. படித்துக்கொண்டே வந்தவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேலே படித்தபோது இன்னொன்று. நான் எழுதிய ஆராய்ச்சியில் சித்தி மாதிரிப் பெண்களே கிடையாது. அது கர்ப்பப்பை உள்ளவர்கள் இரண்டு ஹார்மோன்களைச் சேர்த்துச் சாப்பிட்ட ஆராய்ச்சி. கர்ப்பப்பை எடுக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்டவர்களைத் தனியாகக் கவனித்தார்கள். 2004இல் அதுவும் நின்றது. அவர்களுக்குப் பக்கவாத அபாயம் சற்று கூடியிருந்தது, மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இரண்டிலுமே பெண்களின் சராசரி வயது 63 வாக்கில். சித்திக்கு அப்போது 41. சூலகத்தை இளம் வயதில் இழந்தவர்கள், வேறு தடை இல்லாவிட்டால், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் எடுப்பது நல்லது என்றுதான் மருத்துவம் சொல்கிறது.

மாத்திரையை விட்டதால்தான் சடை போனது, மணிக்கட்டு உடைந்தது என்று என்னால் சொல்ல முடியாது. எந்த டாக்டரும் ஒரு தனிப் பெண்ணை வைத்து அப்படிச் சொல்ல மாட்டார். இல்லை என்றும் சொல்ல முடியாது. எட்டு வருடம் சித்தியிடம் இதைச் சொல்லாமலே இருந்தேன்.

சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். சுற்றுவழி தேடினேன். சோயாவில் ஈஸ்ட்ரோஜன் ஜாடையுள்ள பொருட்கள் இருக்கின்றன. உடம்பின் ஈஸ்ட்ரோஜன் பூட்டில் அவை நுழையும், ஆனால் லேசாகத்தான் திருகும். குடலில் உள்ள கிருமிகளைப் பொறுத்து ஒருவருக்குப் பலன் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. ஆறு வாரம் சோயா பால் குடித்தேன். வாயு மட்டும் நிச்சயமாக வந்தது. காரி பாவ்லி கடைத்தெருவில் பாவச்சி வாங்கினேன். நம்மூரில் குளியல் பொடியில் சேர்க்கும் கார்போகரிசிதான் அது. அதன் சில பொருட்கள் ஆய்வுக்கூடத்தில் ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்வது உண்மை. அதே விதையில் சொராலென் என்ற பொருளும் இருக்கிறது, வெண்புள்ளிக்கு மருந்தானது. பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்துவிடும். இயற்கையானது, பாதகமில்லாதது என்று எழுதுகிறார்களே, அந்த வாக்கியங்களையும் என்னைப் போல் யாரோதான் ஒரு மணி நேர அவகாசத்தில் எழுதியிருப்பார்கள்.

நவம்பரில், ஹார்மோன் மருந்து அட்டைகளில் 20 வருடத்துக்கு மேலாக இருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையில் பெரும்பகுதியை எடுக்கப்போவதாக அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. 'ஆபத்தில்லை என்று நிரூபணம்' என்று தலைப்பு வைக்கலாமா என்று ஒரு இளம் சக ஊழியர் கேட்டார். அப்படி அவர்கள் சொல்லவில்லை, ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுப்பதில் கர்ப்பப்பைக்கு உள்ள எச்சரிக்கை அப்படியே இருக்கிறது, உட்கார்ந்து திரும்பப் படி என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. அவர் பயந்துபோனார். அன்று ராத்திரி நாக்பூருக்குப் போன் செய்தேன்.

"சித்தி, 2002இல் மாத்திரையை நிறுத்தினீங்களே, அது நான் தப்பா எழுதினதாலே."

குக்கர் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "என்ன தப்பு, சொல்லு."

10,000, 30, 38 என்று சொன்னேன். சித்தி ரயில்வே காலனி மகளிர் சங்கத்துக்கு 20 வருடம் கணக்கு எழுதியவர். "பத்தாயிரத்துக்கு எட்டு பேரா? எங்க காலனியில மொத்தமே ரெண்டாயிரம் பேர்தான் இருந்தோம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப ஆபரேஷன் ஆன எனக்கு?"

"அந்த ஆராய்ச்சி உங்களைப் பத்தினதே இல்லை, சித்தி. டாக்டர்கிட்டே நீங்க கேட்கலையா?"

"நீதான் எழுதியிருந்தியே. அப்புறம் அவரை எதுக்குக் கேக்கணும்?"

நான் அழுதேன். அவர் அழவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "நாளைக்குப் பேசறேன்" என்று வைத்துவிட்டார். மறுநாள் பேசவில்லை. நான்காம் நாள் பேசினார். எடுத்ததும், "உனக்கு எழுதிக் கொடுத்ததை வாங்கிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எனக்காக நிறுத்தி வெச்சிருக்கியா? அதுல எனக்கு என்ன லாபம்?"

அன்று சாயங்காலம் வாங்கினேன். ஜெல்லைத் தடவ ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. வியர்த்து எழுவது குறைந்திருக்கிறது. முன்கை அரிப்பு இந்தக் குளிரில் வரவில்லை. ஜெல்லாலா, தேங்காய் எண்ணெயாலா, தெரியாது. முடி கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

பொங்கலுக்கு நாக்பூர் போனேன். மணிக்கட்டு உடைந்த கையால் சித்தி பீரோவைத் திறந்து, பட்டுப் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பழைய கவரை எடுத்தார். உள்ளே அந்தப் பக்கம், நாலாய் மடித்து, மடிப்பில் கிழிந்து. என் வாக்கியம் கட்டத்துக்குள் இருந்தது. எங்கள் பத்திரிகையில் மொழிபெயர்த்தவர் பெயர் போட மாட்டார்கள். கட்டுரைக்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தில், சித்தி தன் கணக்குப் புத்தக எழுத்தில், நீல மையால் என் பெயரை எழுதி வைத்திருந்தார்.